'பாஸ்ட் அவே' என்று எழுதியவர்களுக்கு

நீங்கள் பொய் எழுதினீர்கள். தெரிந்தே எழுதினீர்கள்.

மாதாப்பூரில் என் தம்பி ஒன்பது வருடம் வேலை பார்த்த கம்பெனியின் எச்.ஆர். தலைவி நீங்கள். அவன் செத்த அன்று சாயங்காலம் ஐந்தேகாலுக்கு அந்தக் கட்டடத்தில் இருக்கிற எல்லோருக்கும் ஒரு மெயில் அனுப்பினீர்கள். அவன் 'பீஸ்ஃபுல்லி பாஸ்ட் அவே' ஆனதாக அதில் இருந்தது. நிம்மதியாகக் கண்ணை மூடினான் என்று அர்த்தம். அவன் நிம்மதியாக எதையும் மூடவில்லை. உங்கள் மாடிப்படியில் முகம் குப்புற விழுந்து செத்தான். மெயில் அனுப்பும்போதே அது உங்களுக்குத் தெரியும்.

உங்களுக்குத் தமிழ் படிக்க வராது. இங்கிலீஷில் எழுதலாம் என்று இரண்டு முறை உட்கார்ந்தேன். இரண்டு முறையும் என் கை தானாகவே 'மை பிரதர் பாஸ்ட் அவே' என்று ஆரம்பித்தது. இருபத்தாறு வருடப் பழக்கம். அந்தச் சொல் இல்லாமல் எனக்கு இங்கிலீஷில் சாவைப் பற்றி எழுத வரவில்லை. தமிழில் 'செத்தான்' என்று எழுத முடிகிறது. அதுவும் சுலபமாக வந்துவிடவில்லை. கூடப் பிறந்தவனை யாரும் அப்படிச் சொல்வதில்லை. அம்மா காதில் விழுந்தால் அறைந்துவிடுவாள். ஆனாலும் தமிழில்தான் எழுதுகிறேன். உங்கள் ஆபீஸில் தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். யாராவது ஒருவர் படித்து உங்களுக்குச் சொல்லட்டும்.

நான் நர்ஸ். செகந்திராபாத் பக்கம் ஒரு ஆஸ்பத்திரியில் ஆண்கள் வார்டில் இருக்கிறேன். சாவு எனக்குப் புதிதில்லை. எங்கள் வார்டில் ஒருவர் செத்தால் இரண்டு வேலை நடக்கும். ஒன்று, கேஸ் ஷீட்டில் 'எக்ஸ்பயர்ட்' என்று எழுதி, பக்கத்தில் மணி போட்டு, கீழே கையெழுத்துப் போடுவோம். மணி இல்லாமல் கையெழுத்துப் போட்டால் மறுநாள் திட்டு விழும். இன்னொன்று, வராந்தாவில் காத்திருக்கிறவர்களிடம் போய்ச் சொல்வது. அதற்குக் கேஸ் ஷீட் சொல் உதவாது. தெலுங்குக்காரர்களிடம் 'போயாரு' என்போம். உருது பேசுகிறவர்களிடம் 'இந்தகால் ஹோ கயா'. சட்டையை உள்ளே விட்டு பெல்ட் போட்டு வந்திருந்தால் 'பாஸ்ட் அவே'. நான் ஆளைப் பார்த்தே எது என்று முடிவு பண்ணுவேன். ஒருமுறைகூட தப்பியதில்லை. 'டெட்' என்ற சொல் பிணவறைக்குப் போன் பண்ணும்போது மட்டும்தான்.

அந்தச் சொல் எங்கிருந்து வந்தது என்று ஒருமுறை என் போனில் தேடிப் படித்தேன். இங்கிலீஷ்காரர்கள் முன்காலத்தில், செத்தவுடன் உயிர் போய்விடாது, அந்த அறையிலேயே கொஞ்ச நேரம் இருந்துவிட்டுப் பிறகுதான் மெல்லக் கிளம்பிப் போகும் என்று நம்பினார்களாம். அதிலிருந்து வந்த பேச்சாம். உண்மையா கதையா தெரியாது. எனக்கு அந்தச் சொல்லில் கோபம் இருந்ததில்லை. முதல் ஐந்து நிமிடத்துக்கு அது தேவை. கேட்கிறவர் கீழே விழாமல் இருக்க ஒரு நாற்காலி போடுவது மாதிரி. ஆனால் ஐந்து நிமிடம் கழித்து அவர்கள் எழுந்து கேட்பார்கள். எப்போது, எப்படி, யார் பக்கத்தில் இருந்தார்கள். அப்போது பதில் இருக்க வேண்டும். நாற்காலியையே திரும்பத் திரும்பக் காட்டக் கூடாது.

அன்று காலை எட்டு மணிக்குத் தம்பி போன் பண்ணினான். தினமும் மெட்ரோவில் ஏறியதும் பண்ணுவான். மெட்டுகுடாவில் ஏறி அமீர்பேட்டில் கூட்டம் ஏறுகிறவரை பேசுவான். அதற்குப் பிறகு போனைப் பிடிக்கக் கையை மடக்க முடியாது.

"அக்கா, இன்னிக்கு எங்க ஆபீஸ்ல தீப்பிடிக்கப் போவுது."

"இன்னாடா உளர்ற?"

"ஹவ்க்கா, நெஜமாத்தான். பதினோரு மணிக்கு. மெயில் போட்டுச் சொல்லிட்டாங்க. எல்லாரும் வேலையப் போட்டுட்டு மாடிப்படி வழியா ஓடணும். ஒரு ஆளு நடுவுல விழுந்து கெடப்பாங்க. அவங்களத் தூக்கிட்டு வருவாங்க. கீழ எறங்கினா எல்லாருக்கும் சமோசா."

"அப்ப வேகமா எறங்கு. சமோசா தீந்துடப் போவுது."

"நக்கோ, வேணாம். ஆறு மாடி. எனக்கு மூச்சு வாங்கும். நான் மெதுவா எறங்கிக் கடைசி சமோசா எடுத்துக்கறேன்."

மூச்சு வாங்கும் என்று சொன்னான். நான் நர்ஸ். என்ன மூச்சு, எப்போதிலிருந்து என்று கேட்கவில்லை. பஸ்ஸில் ஏற வேண்டியிருந்தது, வைத்துவிட்டேன். இதையும் எழுதிவிடுகிறேன். உங்கள் தப்பை மட்டும் எழுதினால் நியாயமில்லை.

பன்னிரண்டு இருபதுக்கு எனக்குப் போன் வந்தது. தம்பி மனைவி டீச்சர். வகுப்பில் இருந்ததால் போனை அணைத்திருந்தாள். அவன் ஆபீஸில் கொடுத்திருந்த இரண்டாவது நம்பர் என்னுடையது. பேசியது உங்கள் டிபார்ட்மென்ட் ஆள் ஒருவர். மேடம், உங்கள் தம்பிக்கு உடம்பு சரியில்லை, கொஞ்சம் வர முடியுமா என்று இழுத்தார்.

"நான் நர்ஸ். உயிர் இருக்கா, இல்லையா?"

அவர் போனைக் கையால் பொத்தினார். பின்னால் யாரோ ஏதோ சொன்னார்கள்.

"ஹி பாஸ்ட் அவே, மேடம்."

"எத்தனை மணிக்கு?"

"அது வந்து, டாக்டர் சொல்வாங்க மேடம்."

நான் அப்போது ஏழாம் நம்பர் கட்டிலில் டிரிப் மாற்றிக்கொண்டிருந்தேன். மாற்றி முடித்தேன். சொட்டு எண்ணிச் சரி பண்ணினேன். நோட்டில் எழுதி அடுத்த சிஸ்டரிடம் ஒப்படைத்துக் கையெழுத்து வாங்கினேன். உடுப்பைக்கூட மாற்றவில்லை. மெட்ரோவில் ஏறி நின்றேன். அமீர்பேட்டில் கோச்சிங் பிள்ளைகள் பையோடு ஏறினார்கள். கொஞ்சம் தள்ளி நில்லுங்கள் ஆன்ட்டி என்றார்கள். தள்ளி நின்றேன். அழுகை வரவில்லை. உள்ளங்கை மட்டும் மரத்துப் போயிருந்தது. இரண்டு ஸ்டேஷனுக்கு அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

உங்கள் ஆபீஸுக்குப் பக்கத்து ஆஸ்பத்திரியில் அவனைப் போட்டிருந்தார்கள். அங்கே காகிதத்தில் 'கொண்டுவரும்போதே உயிர் இல்லை, 11.58' என்று மணி போட்டு எழுதியிருந்தார்கள். அவர்களைக் குறை சொல்லமாட்டேன். பிற்பாடு பரிசோதனையில் இதய அடைப்பு என்று வந்தது. இடது புருவத்துக்கு மேல் படிக்கட்டின் விளிம்பு வெட்டிய காயம். மூக்கில் காய்ந்த ரத்தம். ஒரு காலில் ஷூ இல்லை. அந்த வார்டு சிஸ்டர் அவன் சாமான்களைக் கவரில் போட்டு என்னிடம் கையெழுத்து வாங்கினாள். கைக்கடிகாரம், மோதிரம், போன், ஐடி கார்டு, ஒரு ஷூ. கூடவே ஒரு மஞ்சள் அட்டை, கயிறு கட்டியது.

"இது என்ன?" என்று கேட்டேன்.

"தெரியலக்கா, ஸ்ட்ரெச்சர்ல அவர் நெஞ்சு மேல கெடந்தது" என்று தெலுங்கில் சொன்னாள்.

அட்டையில் பெரிய எழுத்தில் 'மாக் விக்டிம்' என்று அச்சடித்திருந்தது. தீ ஒத்திகைக்காகக் காயம்பட்டவராக நடிப்பவர் என்று அர்த்தம். பின்பக்கம் பேனாவில் '11.14' என்று எழுதியிருந்தது. அதைக் கைப்பையில் வைத்துக்கொண்டேன். அப்போது ஒன்றும் யோசிக்கவில்லை. யோசிக்கிற இடம் வேலை செய்யவில்லை.

சாயங்காலம் மெட்டுகுடா வீட்டுக்கு அவனைக் கொண்டு வந்தோம். சந்தில் நாற்காலி போட்டார்கள். யாரோ உங்கள் மெயிலைப் போனில் காட்டினார்கள். 'நம் குடும்பத்தில் ஒருவர்', 'ஈடுசெய்ய முடியாத இழப்பு', 'பீஸ்ஃபுல்லி பாஸ்ட் அவே'. அதைப் படித்துவிட்டு நான் என்ன செய்தேன் தெரியுமா? சொந்தக்காரர்கள் குரூப்பில் அதையே போட்டேன். பீஸ்ஃபுல்லியை மட்டும் எடுத்துவிட்டு. வேலூர், ஆம்பூர் பக்கத்துச் சொந்தக்காரர்கள் வரிசையாகக் கைகூப்பிய படம் அனுப்பினார்கள். ஒருவர்கூட எப்படி என்று கேட்கவில்லை. அந்தச் சொல் அவ்வளவு நன்றாக வேலை செய்கிறது.

பதினாறாம் நாள் முடிந்த மறுநாள் ஒரு பெண் வீட்டுக்கு வந்தாள். கோயம்புத்தூர்ப் பக்கம். முப்பத்தைந்து வயதிருக்கும். தம்பியின் டீமில் வேலை பார்த்தவள். அவன் லாப்டாப் பையையும் இன்னொரு ஷூவையும் கொண்டு வந்திருந்தாள். தண்ணீர் கொடுத்தேன், குடிக்கவில்லை. டம்ளரைக் கையிலேயே வைத்திருந்தாள்.

"அக்கா, அன்னிக்கு அங்க படுத்திருக்க வேண்டியது நானுங்க்கா."

"எங்க?"

"மூணாவது மாடிப்படியிலங்க. டிரில்லுக்கு விக்டிம் நான்தானுங்க. போன தடவையும் என்னையத்தான் போட்டாங்க. ஒல்லியா இருக்கேன், தூக்கச் சுலபம்னு. படியில படுத்துக்கோணும், கழுத்துல மஞ்சள் அட்டை போட்டுருவாங்க, ஸ்ட்ரெச்சர் வந்து தூக்குற வரைக்கும் அசையக் கூடாதுங்க."

"ஏன் படுக்கல?"

"கிளையன்ட் கால் முடியலீங்க்கா. அஞ்சு நிமிஷத்துல வர்றேன்னு மாடி வார்டன்கிட்டச் சொல்லச் சொல்லி ஆள் விட்டேன். வார்டன் வந்து பாக்கறப்ப அங்க உங்க தம்பி விழுந்து கெடந்திருக்காருங்க. நான் வரலைன்னு வேற ஆளப் போட்டுட்டாங்கன்னு அவரு நெனச்சுட்டாருங்க."

அதற்கு மேல் அவள் சொன்னதை நான் என் வார்த்தையில் எழுதுகிறேன். அவள் நடுவில் நடுவில் நிறுத்தினாள். நான் அவசரப்படுத்தவில்லை.

வார்டன் என்பது மாடிக்கு ஒருவர், உங்கள் ஊழியர்தான், மேலே ஆரஞ்சுக் கலர் சட்டை போட்டுக்கொண்டு ஒத்திகையைக் கவனிப்பவர். அவர் விதிப்படி நடந்துகொண்டார். அட்டையை எடுத்துத் தம்பி மேல் வைத்தார். அட்டையின் பின்பக்கம், தான் பார்த்த நேரத்தை எழுதினார். வாக்கி டாக்கியில் 'விக்டிம் கிடைத்துவிட்டார், மூன்றாவது மாடி' என்றார். ஸ்ட்ரெச்சர் உடனே வரக் கூடாது. எல்லா மாடியும் காலியாகித் தலை எண்ணி முடித்த பிறகுதான் வர வேண்டும். அதுவும் விதி. அதுவரை மேல் மாடிகளில் இருந்த அத்தனை பேரும் அதே படியில் இறங்கினார்கள். அவன் காலைத் தாண்டி, தோளைச் சுற்றிக்கொண்டு, கைப்பிடிச் சுவரை ஒட்டி. சிலர் சிரித்தார்கள். ஒருவர் குனிந்து "எழுந்திருங்க சார், சமோசா ஆறிடும்" என்றாராம். ஒருவர் படம் எடுத்தார். அந்தப் படம் அவர்கள் குரூப்பில் 11.19க்கு வந்தது. கீழே 'என்ன நடிப்பு' என்று ஒரு வரி. அதற்குக் கட்டைவிரல் தூக்கிய படங்கள்.

அந்தப் படத்தை அவளிடம் கேட்டு வாங்கிப் பார்த்தேன். வேண்டாங்க்கா என்றாள். பார்த்தேன். இருபத்தாறு வருடம் கட்டிலில் கிடக்கிறவர்களைப் பார்த்தவள் நான். ஒரு பார்வை போதும். நடிக்கப் படுக்கிறவன் கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப் பையில் வைப்பான். இவன் கண்ணாடி இரண்டு படி கீழே கவிழ்ந்து கிடந்தது. நடிக்கிறவன் கையை உடம்புக்கு அடியில் மாட்டிக்கொள்ளமாட்டான், வலிக்கும். இவன் வலது கை நெஞ்சுக்கு அடியில் மடங்கி மாட்டியிருந்தது. படத்தின் ஓரத்தில் எட்டு பத்துக் கால்கள். ஒரு பெண்ணின் செருப்பில் வெள்ளிப் பூ.

11.31க்கு ஸ்ட்ரெச்சர் வந்தது. நான்கு பேர் தூக்கினார்கள். போன தடவை ஒல்லிப் பெண், இந்தத் தடவை கனமான ஆள். "பஹுத் பாரி ஹை பாய்" என்று சிரித்துக்கொண்டே கீழே இறக்கினார்கள். கீழே வைத்துத் திருப்பியபோதுதான் முகத்தைப் பார்த்தார்கள்.

கோயம்புத்தூர்ப் பெண் கால் முடித்துவிட்டு வேறு படி வழியாக இறங்கிக் கீழே நின்றிருந்தாளாம். அவள்தான் முதலில் கத்தினாளாம்.

"நான் போய்ப் படுத்திருந்தா அவரை ஆள் மாத்தி நெனச்சிருக்கமாட்டாங்கல்லங்க்கா?"

 உன் தப்பில்லை என்று சொல்லியிருக்கலாம். அது வாயில் வரவில்லை. டம்ளரை வாங்கி வேறு தண்ணீர் ஊற்றிக் கொடுத்தேன். அதைக் குடித்தாள்.

போகும்போது இன்னொன்றும் காட்டினாள். ஒத்திகை நடத்தும் வெளி ஆட்கள் மறுநாள் காலை வழக்கம்போல ரிப்போர்ட் அனுப்பியிருக்கிறார்கள். நடந்தது அவர்கள் காதுக்கே போகவில்லை போலிருக்கிறது. அதில் ஒரு வரி: மாக் விக்டிம் கண்டுபிடித்தது 11.14, கீழே கொண்டுவந்தது 11.31, பதினேழு நிமிடம், அடுத்த முறை குறைக்க வேண்டும். மதியம் உங்கள் ஆபீஸிலிருந்து இன்னொரு மெயில் போயிருக்கிறது. காலையில் வந்த ரிப்போர்ட்டைப் பொருட்படுத்த வேண்டாம் என்று. கூடவே புது ரிப்போர்ட். அதில் அந்த வரி காலி. மற்றதெல்லாம் அப்படியே இருந்தது. சமோசா வாங்கியதுகூட இருந்தது.

எனக்கு எங்கள் வார்டில் பல வருடம் முன்பு நடந்தது ஞாபகம் வந்தது. ஒருவர் செத்துவிட்டார். அவர் மனைவியிடம் போய்ச் சொன்னேன். அவள் அழவில்லை. எத்தனை மணிக்கு சிஸ்டர் என்று தெலுங்கில் கேட்டாள். டாக்டரைக் கேளும்மா என்றேன். திரும்ப வந்து கேட்டாள். எனக்கு எரிச்சல். வேலை கிடக்கிறது, மணி தெரிந்து என்ன பண்ணப் போகிறாள் என்று நினைத்தேன். மூன்றாவது தடவை வந்தபோது கேஸ் ஷீட்டைப் பார்த்து, மதியம் இரண்டு பத்து என்றேன். அவள் கொஞ்ச நேரம் கணக்குப் போட்டுப் பார்த்தாள். "அப்ப நான் கீழ இளநி வாங்கிட்டு இருந்தேன்" என்றாள். அவ்வளவுதான். போய் உட்கார்ந்து அழுதாள்.

அவளுக்கு அந்த மணி எதற்கு என்று எனக்கு அன்று புரியவில்லை. இப்போது தெரியும். 11.14க்கு நான் ஸ்டோரில் நின்று கையுறைப் பெட்டி குறைகிறது என்று சண்டை போட்டுக்கொண்டிருந்தேன். 11.31க்கு டீயில் பன் தொட்டுத் தின்றுகொண்டிருந்தேன். இந்த இரண்டும் எனக்குத் தெரிந்ததே ஒரு அட்டையாலும் நீங்கள் அழித்த ஒரு வரியாலும்தான். 11.14 என்பது அவனை ஒருவர் பார்த்த நேரம். அவன் விழுந்த நேரம் எது? அது எனக்குத் தெரியாது. உங்கள் படிக்கட்டில் கேமரா இருக்கிறது. உங்களுக்குத் தெரியும்.

அதைக் கேட்கத்தான் லீவு போட்டுவிட்டு உங்கள் ஆபீஸுக்கு வந்தேன். நீங்கள் மரியாதையாகத்தான் நடத்தினீர்கள். கண்ணாடி அறை, காபி, டிஷ்யூ பெட்டியை என் பக்கம் நகர்த்தி வைத்தீர்கள். இங்கிலீஷும் ஹிந்தியுமாகப் பேசினோம்.

"மேடம், அவர் எங்க எல்லாருக்கும் ஃபேமிலி மாதிரி."

"ஃபேமிலின்னா டைம் சொல்லுங்க. எத்தனை மணிக்கு விழுந்தான்?"

"அந்த விவரமெல்லாம் லீகல் பாக்கறாங்க மேடம். உங்க வலி எங்களுக்குப் புரியுது."

"வலிய விடுங்க. பீஸ்ஃபுல்லின்னு எழுதினது யாரு?"

"அது டெம்ப்ளேட் மேடம். யாரு பாஸ்ட் அவே ஆனாலும் அதுதான் போகும். பேரும் டீமும் மட்டும் மாத்துவோம். மரியாதைக்குப் போடுறது."

"இதுக்கு முன்னாடி யாருக்குப் போச்சு?"

நீங்கள் யோசித்தீர்கள். "போன வருஷம் ஒருத்தர். பைக் ஆக்சிடென்ட்."

"அவரும் பீஸ்ஃபுல்லாவா போனாரு?"

நீங்கள் டிஷ்யூ பெட்டியை இன்னும் கொஞ்சம் நகர்த்தினீர்கள். நான் மஞ்சள் அட்டையை எடுத்து மேஜையில் வைத்தேன். நீங்கள் அதைத் தொடவில்லை. திருப்பிப் பார்க்கவும் இல்லை. பின்பக்கம் என்ன இருக்கிறது என்று தெரியாத ஆள் திருப்பித்தான் பார்ப்பார்.

"முதல் ரிப்போர்ட்ல பதினேழு நிமிஷம்னு இருந்துச்சே?"

"அது டிராஃப்ட், மேடம்."

அதற்குப் பிறகு நான் எது கேட்டாலும் 'சின்ஸ் ஹி பாஸ்ட் அவே', 'ஆஃப்டர் ஹி பாஸ்ட் அவே' என்று ஆரம்பித்தீர்கள். அந்தச் சொல்லில் ஆள் இல்லை, இடம் இல்லை, மணி இல்லை. தானாகப் புறப்பட்டுப் போனவனை யார் என்ன செய்ய முடியும்? அப்படி ஒரு தோற்றம். அதனால்தான் நீங்கள் அதை விடமாட்டேன் என்கிறீர்கள். நான் அதே சொல்லை வராந்தாவில் எத்தனையோ பேரிடம் சொன்னவள். எனக்கு அதன் எடை தெரியும். ஆனால் எங்கள் வராந்தாவுக்குப் பின்னால் ஒரு கேஸ் ஷீட் உண்டு. அதில் மணி உண்டு. உங்களிடமும் இருந்தது. அழித்தீர்கள்.

அந்த வாரம் தம்பி மகள் பள்ளிக்குத் திரும்பினாள். பதினொரு வயது. தமிழ் புரியும், பேசுவதெல்லாம் தெலுங்கு, ஹிந்தி, இங்கிலீஷ். லீவ் லெட்டரைத் தானே எழுதிக்கொண்டு போனாள். 'மை ஃபாதர் டைட்', அப்பா செத்துவிட்டார், என்று எழுதியிருந்தாள். டீச்சர் 'டைட்' மேல் சிவப்புக் கோடு போட்டு 'பாஸ்ட் அவே' என்று திருத்தியிருந்தார். அதை என்னிடம் கொண்டு வந்து காட்டினாள்.

"அத்தே, டைட்னு ராஸ்தே தப்பா?" அப்படி எழுதினால் தப்பா என்று கேட்டாள்.

"தப்பில்ல."

"மரி கைக்கு மார்க் பண்ணாங்க?" பிறகு ஏன் கோடு போட்டார் என்று.

"மரியாதைக்கு."

சொன்ன பிறகுதான் கவனித்தேன். உங்கள் பதிலையே சொல்லியிருந்தேன். அவள் லெட்டரை வாங்கி, சிவப்பு எழுத்துக்குப் பக்கத்தில் பென்சிலால் மறுபடியும் 'டைட்' என்று எழுதிப் பைக்குள் வைத்துக்கொண்டாள்.  அவள் அப்பா மாதிரி நெற்றியைச் சுருக்கிக்கொண்டு எழுதினாள்.

அம்மா இதுவரை ஒரே ஒரு கேள்விதான் கேட்டிருக்கிறாள். காய் நறுக்கிக்கொண்டிருந்தபோது தலை நிமிராமல் கேட்டாள்.

"வுழுந்தப்ப பக்கத்துல யார்னா இருந்தாங்களாடி?"

"இருந்தாங்கம்மா. நெறையப் பேர் இருந்தாங்க."

"அது போதும்" என்றாள். மறுபடி நறுக்க ஆரம்பித்தாள்.

நான் பொய் சொல்லவில்லை. நீங்கள் எழுதிய பொய்யைவிட நான் சொன்ன உண்மை கேவலமாக இருந்தது. அன்றைக்குத்தான் இதை எழுதுவது என்று முடிவு பண்ணினேன். அம்மாவுக்கு எந்த மொழியும் படிக்கத் தெரியாது. படிக்கத் தெரிந்தவர்கள் வந்து சொல்வதற்கு முன்னால் நானே உட்கார்ந்து சொல்லிவிடுவேன். அதற்கு எனக்கு அவன் விழுந்த நேரம் வேண்டும். மணி இல்லாத கேஸ் ஷீட்டில் நான் கையெழுத்துப் போட்டுப் பழக்கமில்லை.

என் தம்பி பிழைத்திருப்பான் என்று நான் சொல்லவில்லை. அது எந்த டாக்டராலும் சொல்ல முடியாது. நெஞ்சை அழுத்தியிருந்தால், வாயில் காற்று ஊதியிருந்தால், அந்தப் பதினேழு நிமிடத்தில் யாராவது ஒருவர் அவன் கையைத் தொட்டுப் பார்த்திருந்தால் என்று ஆரம்பித்தால் என்னால் வேலைக்குப் போக முடியாது. தினமும் வேலைக்குப் போகிறேன். டிரிப் மாற்றுகிறேன். வராந்தாவில் போய்ச் சொல்கிறேன். எந்தச் சொல்லைச் சொன்னாலும் உடனே மணியையும் சேர்த்துச் சொல்கிறேன். கேட்காவிட்டாலும். சிலர் விநோதமாகப் பார்க்கிறார்கள்.

அந்த வார்டனை நான் கேட்கவில்லை. அவர் விதிப்படி நடந்தார், இப்போது எப்படித் தூங்குகிறாரோ. படம் எடுத்தவரையும் கேட்கவில்லை. கோயம்புத்தூர்ப் பெண் போன மாதம் உங்கள் கம்பெனியை விட்டு வேறு இடம் போய்விட்டாள். எழுதட்டுமா என்று கேட்டேன். எழுதுங்க்கா, என்னையும் சேத்து எழுதுங்க என்றாள்.

உங்களைக் கேட்கிறேன். என்னைத் தனியாகக் கண்ணாடி அறையில் உட்காரவைத்துச் சொல்ல வேண்டாம். அந்தப் பொய் எல்லோருக்கும் போனது. பதிலும் எல்லோருக்கும் போக வேண்டும். அவன் காலைத் தாண்டி இறங்கிய ஒவ்வொருவருக்கும் போக வேண்டும். அந்த மெயிலையே திறந்து, 'ரிப்ளை ஆல்' அழுத்தி, டெம்ப்ளேட் இல்லாமல், உங்கள் பெயர் போட்டு எழுதுங்கள்: என் தம்பி எத்தனை மணிக்கு விழுந்தான்? பதினேழு நிமிடம் என்ற வரியை அழித்தது யார்?